டூ-வே சுவிட்ச் கோளாறுகள்: கழற்றுவதற்கு முன் நான்கு வரி எழுதுங்கள்

மாடிப்படி விளக்கு கீழே போட்டால் மேலே அணைய மறுக்கும். அல்லது மேல் சுவிட்ச் ஒரு பக்கமாக இருந்தால்தான் கீழ் சுவிட்ச் வேலை செய்யும். உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சுவிட்சைக் கழற்றிவிடுகிறோம். மூன்று ஒயரும் ஒரே நிறத்தில் தொங்கும்போதுதான் எது எங்கே இருந்தது என்ற கேள்வியே வருகிறது. ஒரு கோளாறு அங்கேயே இரண்டாகிவிடும்.

இப்படி ஒரே விளக்கை இரண்டு இடங்களிலிருந்து போட்டு அணைக்கும் டூ-வே இணைப்பில் பெரும்பாலான கோளாறுகளை வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

## நான்கு நிலைச் சோதனை

சுவிட்சுகளுக்கு முதல், இரண்டாம் என்று பெயர் வையுங்கள். கீழ்க்கண்ட வரிசையில் அழுத்தி, ஒவ்வொரு நிலையிலும் விளக்கு எரிகிறதா இல்லையா என்று எழுதுங்கள்.

1. முதல் சுவிட்ச் மேல்பக்கம், இரண்டாம் சுவிட்ச் மேல்பக்கம்
2. முதல் மேல்பக்கம், இரண்டாம் கீழ்ப்பக்கம்
3. முதல் கீழ்ப்பக்கம், இரண்டாம் கீழ்ப்பக்கம்
4. முதல் கீழ்ப்பக்கம், இரண்டாம் மேல்பக்கம்

ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு சுவிட்சைத்தான் மாற்றுகிறோம். ஆகவே இணைப்பு சரியாக இருந்தால் விளக்கு ஒன்று விட்டு ஒன்று எரியும்: எரியும், அணையும், எரியும், அணையும். அணைந்த நிலையில் தொடங்கினாலும் சரிதான். டூ-வேயில் எந்தப் பக்கம் அழுத்தினால் எரியும் என்பது நிலையாக இருக்காது. “சில நேரம் மேலே போட்டால் எரிகிறது, சில நேரம் கீழே போட்டால் எரிகிறது” என்பது கோளாறு அல்ல.

சோதனையை இரண்டு முறை செய்யுங்கள். இரண்டு முறையும் ஒரே முடிவு வந்தால், எத்தனை நிலைகளில் எரிந்தது என்று எண்ணி அதற்குரிய தலைப்புக்குப் போங்கள். முடிவு மாறி மாறி வந்தால் எங்கோ தளர்வு இருக்கிறது. “தட்டினால் எரிகிறது” என்ற தலைப்பைப் பாருங்கள்.

## திறப்பதற்கு முன்

விளக்கின் எம்.சி.பி.யை (அந்த சர்க்யூட்டுக்கான தானியங்கி சுவிட்ச்) மட்டும் அணைத்தால் போதாது. மெயினையே அணையுங்கள். மாடிப்படிச் சுவிட்சுகளில் ஒன்று கீழ்த்தள சர்க்யூட்டிலும் மற்றது மேல்தள சர்க்யூட்டின் பெட்டியிலும் இருப்பது சகஜம். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதில் கை வைத்து ஷாக் வாங்குவது இந்த வேலையில் எளிதில் நடக்கும்.

நியான் டெஸ்டரை இங்கே முழுதாக நம்பாதீர்கள். இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையே பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு ஒயர்களில் (இனி இடை ஒயர்கள்) ஒன்றில் எப்போதும் பேஸ் (மின்சாரம் வரும் இணைப்பு) இருக்கும். பக்கத்து ஒயர் எதிலும் சேராமல் சும்மா இருந்தாலும் டெஸ்டர் மங்கலாக எரியும்; டிஜிட்டல் மல்டிமீட்டர் 40, 60, 90 வோல்ட் என்று ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அது நிஜ மின்சாரம் அல்ல. நிஜமா என்று தெரிய, ஹோல்டரில் மாட்டிய இழை பல்பைச் சோதனை விளக்காகப் பயன்படுத்துங்கள். நிஜமானால் பல்பு எரியும். தூண்டல் மின்னழுத்தம் என்றால் அப்படியே விழுந்துவிடும். ஆனால் “மின்சாரம் இல்லை” என்று டெஸ்டர் சொல்வதை நம்பவேண்டும் என்றால், அதற்கு முன்னும் பின்னும் மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒயரைக் கழற்றும் முன் புகைப்படம் எடுங்கள். அத்துடன் காமன் முனையில் (சுவிட்சை எந்தப் பக்கம் அழுத்தினாலும் இணைப்பில் இருக்கும் முனை; பேஸ் அல்லது விளக்கு ஒயர் சேரும் இடம்) இருக்கும் ஒயரில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். மூன்றில் அந்த ஒன்று தெரிந்தால் போதும். மற்ற இரண்டும் இடம் மாறினாலும் விளக்கு எரியும். காமன் இடம் மாறினால் சரியாக எரியாது.

## நான்கில் ஒன்றில் மட்டுமே எரிகிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். “மேல் சுவிட்ச் இந்தப் பக்கம் இருந்தால்தான் கீழ் சுவிட்ச் வேலை செய்கிறது” என்று சொல்வார்கள். கேட்கவேண்டிய முதல் கேள்வி: சமீபத்தில் யாராவது சுவிட்சை மாற்றினார்களா, பெயிண்ட் அடிக்கக் கழற்றினார்களா?

ஆம் என்றால், கிட்டத்தட்ட நிச்சயமாகக் காமன் ஒயரும் ஓர் இடை ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. பழைய சுவிட்சில் காமன் எங்கே இருந்ததோ அதே இடத்தில் புதிய சுவிட்சிலும் இருக்கும் என்று நினைத்து மாட்டுவதால் வருவது இது. பல சுவிட்சுகளில் காமன் நடுவில் இருக்கும். சிலவற்றில் ஒரு பக்கம் தனியாக இருக்கும். பின்புறக் குறியைப் பாருங்கள். குறி இல்லையென்றால், ஒயர் எதுவும் இல்லாத சுவிட்சை மல்டிமீட்டரின் பீப் நிலையில் வைத்துச் சோதியுங்கள். ஒரு பக்கம் அழுத்தினால் ஒரு முனையோடும், மறுபக்கம் அழுத்தினால் இன்னொரு முனையோடும் பீப் அடிக்கும் முனையே காமன். மற்ற இரண்டும் தங்களுக்குள் எந்த நிலையிலும் பீப் அடிக்கக் கூடாது.

வேறொரு வாய்ப்பும் உண்டு: கடையில் டூ-வே என்று கேட்காமல் சாதாரண ஒன்-வே சுவிட்சை வாங்கி மாட்டியிருப்பார்கள். முகப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். பின்னால் திருப்பினால் மூன்று முனைக்குப் பதில் இரண்டே முனை இருக்கும்; மூன்றாவது ஒயர் டேப் சுற்றி ஓரமாகக் கிடக்கும்.

இல்லை, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று இப்படி ஆனது என்றால், ஓர் இடை ஒயரின் பாதை அறுந்திருக்கிறது. மலிவானதிலிருந்து பாருங்கள்.

முதலில் இரண்டு பெட்டிகளிலும் முனை ஸ்க்ரூக்கள். ஒயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கி வந்தால் அதுவே காரணம். ஸ்க்ரூ இன்சுலேஷனின் மேலேயே இறுக்கப்பட்டிருப்பதும் உண்டு. தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும், சில மாதத்தில் நின்றுவிடும். முனையில் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் செம்பு தெரியும்படி சீவி மீண்டும் இறுக்குங்கள்.

அடுத்தது சுவிட்சின் உள் தொடுமுனை. ஒரு பக்கம் மட்டும் கருகியிருக்கும். மேலே சொன்ன பீப் சோதனையில் ஒரு பக்கம் அடிக்காது, அல்லது அழுத்திப் பிடித்தால்தான் அடிக்கும். அதைச் சுரண்டிச் சரிசெய்ய முயல வேண்டாம்; சுவிட்சை மாற்றுங்கள்.

இரண்டும் நன்றாக இருந்தால் கடைசியாக ஒயர். மெயினை அணைத்து, இரு முனைகளிலும் இடை ஒயர்களைக் கழற்றுங்கள். ஒரு பெட்டியில் இரண்டையும் ஒன்றாகச் சேருங்கள். மறு பெட்டியில் அவற்றுக்கிடையே மீட்டரை வையுங்கள். பீப் வந்தால் இரண்டும் நலம். வராவிட்டால் ஒன்றாவது அறுந்திருக்கிறது. பைப்புக்குள் நடுவழியில் ஒயர் தானாக அறுவது அரிது. வழியில் ஜங்ஷன் பாக்ஸ் இருந்தால் அதில் உள்ள முறுக்கு இணைப்பை முதலில் பாருங்கள். சுவரில் புதிதாக ஆணி அடித்திருந்தால், டிரில் போட்டிருந்தால் அந்த இடத்தைச் சந்தேகியுங்கள்.

ஒயர் மாற்றத்தான் வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அறுந்த ஒயரைப் பிடித்து இழுத்தால் பாதி மட்டும் கையோடு வரும், மீதி பைப்பில் தங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள இடை ஒயரோடு புதிய ஒயர் இரண்டைக் கட்டி இழுப்பதே வழி. அந்த நல்ல ஒயரையும் அவசரத்தில் உருவிவிட்டால் பைப்புக்குள் ஒயர் இழுக்கும் ஸ்பிரிங்கைப் போட்டுத்தான் மீட்கவேண்டும்.

### காமன் எது என்றே தெரியவில்லை

படமும் இல்லை, டேப்பும் இல்லை, மூன்றும் ஒரே நிறம். முதலில் இரு பெட்டிகளிலும் எந்த முனையிலாவது இரண்டு ஒயர்கள் சேர்ந்து இருந்தனவா என்று பாருங்கள். இருந்தால் நிறுத்துங்கள். பேஸும் விளக்கு ஒயரும் ஒரே பெட்டிக்கு வந்து, இரு சுவிட்சுகளுக்கும் இடையே மூன்று ஒயர் ஓடும் வேறொரு முறை அது. கீழே உள்ள வழி அதற்குப் பொருந்தாது.

ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று மூன்று ஒயர்தான் என்றால்:

1. மெயினை அணைத்து, ஆறு முனைகளையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கனெக்டர் மாட்டுங்கள். செம்பு எங்கும் வெளியே தெரியக் கூடாது.
2. மெயினைப் போட்டு, சோதனை விளக்கால் எதில் பேஸ் வருகிறது என்று பாருங்கள். ஒரு பெட்டியில் ஒரே ஒரு ஒயரில் வரும். அதுவே அந்தச் சுவிட்சின் காமன். டேப் சுற்றுங்கள்.
3. மெயினை அணையுங்கள். அதே பெட்டியில் மீதமுள்ள இரண்டு ஒயர்களையும் ஒன்றாகச் சேருங்கள்.
4. மறு பெட்டியில் இரண்டிரண்டாக மீட்டரை வையுங்கள். பீப் அடிக்கும் ஜோடி இடை ஒயர்கள். தனித்து நிற்பது விளக்குக்குப் போகும் ஒயர், அதாவது அந்தச் சுவிட்சின் காமன்.

இரண்டாம் படி மின்சாரம் இருக்கும்போது செய்வது. அதில் பழக்கம் இல்லையென்றால் அங்கேயே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

## ஒரு சுவிட்ச் எப்போதும் வேலை செய்கிறது, மற்றது எதுவுமே செய்வதில்லை

நான்கில் இரண்டில் எரியும். ஆனால் ஒன்று விட்டு ஒன்றாக இல்லாமல் அடுத்தடுத்து எரியும், அடுத்தடுத்து அணையும்.

முதலில் வேலை செய்யாத சுவிட்ச். உள் தொடுமுனை ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது பிளாஸ்டிக் உடைந்து முகப்பு மட்டும் அசையும். “டக்” என்ற ஓசை இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் சோதனையே தேவையில்லை, மாற்றிவிடுங்கள்.

அதை மாற்றியும் சரியாகவில்லை என்றால் குற்றம் நன்றாக வேலை செய்யும் சுவிட்சில் இருக்கிறது. அங்கே யாரோ ஒன்-வே சுவிட்சை மாட்டி, இரண்டு இடை ஒயர்களையும் ஒரே முனையில் சேர்த்து இறுக்கியிருப்பார்கள். இதை எண்ணிப் பார்க்காமல், வேலை செய்யாத சுவிட்சையே மூன்று தடவை மாற்றுகிறவர்கள் உண்டு.

## நான்கில் மூன்றிலோ நான்கிலுமோ எரிகிறது

நான்கிலும் எரிந்தால் இடை ஒயர்கள் இரண்டும் எங்கோ ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. பெட்டிக்குள் சீவிய முனைகள் நீளமாகி உரசுகின்றனவா என்று பாருங்கள். மூன்றில் எரிந்தால், ஒரு சுவிட்ச் உள்ளே கருகி, ஒரு நிலையில் இரு பக்கமும் ஒட்டிக்கொள்கிறது. அல்லது இடை ஒயர் ஒன்று பேஸ் ஒயரையோ விளக்கு ஒயரையோ தொடுகிறது. சுவிட்சுகளைக் கழற்றிப் பீப் சோதனை செய்யுங்கள்.

சுவிட்சும் பெட்டியும் சுத்தமாக இருந்தால் இன்சுலேஷன் பைப்புக்குள் போயிருக்கிறது. அதற்கு மேல் நீங்களாகத் தேட வேண்டாம். விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடவும் கூடாது. இன்சுலேஷன் போன ஒயரில் அடுத்தது எர்த்தோடு உரசல்தான்.

## எந்த நிலையிலும் எரியவில்லை

பல்பை மாற்றுங்கள். இதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது. ஹோல்டரின் உள்ளே பல்பைத் தொடும் முனைகள் உள்வாங்கியிருக்கலாம், கருகியிருக்கலாம். அதே எம்.சி.பி.யில் உள்ள மற்ற விளக்குகள் எரிகின்றனவா?

எரிகின்றன என்றால், பல்பைக் கழற்றி ஹோல்டரின் இரு முனைகளுக்கும் இடையே மீட்டரை வைத்து நான்கு நிலைகளையும் ஓட்டுங்கள். இரண்டு நிலைகளில் முழு மின்னழுத்தம் காட்டினால் ஹோல்டரோ பல்போதான். இரு முனைகளுக்கிடையே எதுவும் இல்லை, ஆனால் ஒரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே முழு மின்னழுத்தம் வருகிறது என்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. சீலிங் ரோஸ் (கூரையில் விளக்கு ஒயர் இணையும் மூடி), ஜங்ஷன் பாக்ஸ் என்று பின்னோக்கிப் போங்கள். இந்த நேரத்தில் பல்பு மாட்டியிருந்தால் ஹோல்டரின் இரு முனையிலும் டெஸ்டர் எரியும். குழம்பவேண்டாம், பேஸ் பல்பின் வழியாக மறுபுறம் வருகிறது.

எர்த்துக்கும் எதுவும் வரவில்லையென்றால், பேஸ் வரும் சுவிட்சின் காமனில் பேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் எரியவில்லை, இரண்டு சுவிட்சுகளும் புதிதாக மாற்றப்பட்டவை என்றால், இரண்டிலும் காமன் தவறியிருக்கிறது. ஒன்றில் முதல் இடை ஒயரும் மற்றதில் இரண்டாம் இடை ஒயரும் காமனில் உட்கார்ந்துவிட்டால் விளக்கு ஒருபோதும் எரியாது.

## விளக்கு போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது

ஆர்.சி.சி.பி. என்பது மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். அது விழ டூ-வேக்கென்றே ஒரு காரணம் உண்டு: கடன் வாங்கிய நியூட்ரல். பேஸ் கீழ்த்தள சர்க்யூட்டிலிருந்து வரும்; விளக்கு மேலே இருப்பதால், பக்கத்தில் இருந்த மேல்தள நியூட்ரலில் சேர்த்திருப்பார்கள். ஒரே எம்.சி.பி. வரிசை இருந்த காலத்தில் ஒன்றும் தெரியாது. தளத்துக்கு ஒன்றாக ஆர்.சி.சி.பி. போட்ட அன்றே விழத் தொடங்கும். போன மின்சாரம் திரும்பி வராததால் அதற்கு அது கசிவாகத் தெரிகிறது.

சின்ன எல்.இ.டி. விளக்குதானே என்று கேட்கலாம். 230 வோல்ட்டில் 9 வாட் விளக்கு ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் இழுக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழ அது தாராளம். 5 வாட் என்றால் விழலாம், விழாமலும் இருக்கலாம். அதனால்தான் பல்பை மாற்றியதும் கோளாறு “சரியாகி”விட்டதுபோல் தோன்றும்.

உறுதிசெய்ய: நான்கு நிலைகளில் எதில் விழுகிறது என்று பாருங்கள். அணைந்த நிலைகளில் விழாமல், எரியும் இரண்டு நிலைகளிலும் விழுந்தால் பெரும்பாலும் நியூட்ரல்தான். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் ஒரு குறிப்பிட்ட சுவிட்ச் நிலையில் மட்டும் விழுந்தால், அந்த நிலையில் பேஸ் பெறும் இடை ஒயர் ஈரத்திலோ எர்த்திலோ உரசுகிறது.

நியூட்ரலைச் சரியான சர்க்யூட்டுக்கு மாற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை. அதுவரை அந்த விளக்கைக் கழற்றிவையுங்கள். ஆர்.சி.சி.பி.யை நீக்கிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

## எம்.சி.பி. விழுகிறது, சுவிட்சில் வெடிப்புச் சத்தம்

நான்கு நிலைச் சோதனையில் பிடிபடாத ஒரு பழைய இணைப்பு இருக்கிறது. ஒவ்வொரு சுவிட்சின் பக்கவாட்டு முனைகளிலும் ஒன்றில் பேஸ், மற்றதில் நியூட்ரல். இரண்டு காமன்களும் நேரே விளக்குக்கு. ஒயர் மிச்சம் என்று இப்படிச் செய்தார்கள். விளக்கு ஒன்று விட்டு ஒன்றாக ஒழுங்காகவே எரியும்.

ஆனால் அணைந்த ஒரு நிலையில் ஹோல்டரின் இரு முனைகளிலும் பேஸ் இருக்கும். அணைத்துவிட்டோம் என்று பல்பு மாற்றுகிறவருக்கு அது ஆபத்து. தவிர, சிறிய சுவிட்சுக்குள் பேஸும் நியூட்ரலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், மாற்றும்போது எழும் பொறி இரண்டையும் இணைத்துவிட்டால் ஷார்ட் சர்க்யூட். பல்பைக் கழற்றிய பிறகும் ஓர் அணைந்த நிலையில் இரு முனையிலும் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் இந்த இணைப்புத்தான் என்று சந்தேகியுங்கள். இதில் பழுது பார்க்க ஒன்றுமில்லை, ஒயரிங்கையே மாற்றவேண்டும்.

## அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிகிறது அல்லது மினுக்குகிறது

சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் மின்சாரம் போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சை மாட்டிப் பாருங்கள்.

இண்டிகேட்டர் இல்லையென்றால் அடுத்து, சுவிட்ச் பேஸில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். விளக்கு அணைந்திருக்கையில், பல்பைக் கழற்றி, ஹோல்டரின் ஒவ்வொரு முனையையும் எர்த்தோடு சோதனை விளக்கால் பாருங்கள் (ஆர்.சி.சி.பி. இருந்தால் இந்தச் சோதனையில் அது விழும்; விழுந்தாலே அங்கே பேஸ் இருக்கிறது என்று பொருள்). பேஸ் நிரந்தரமாக நிற்கிறது என்றால் மாற்றி இணைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திருத்துவது மங்கல் வெளிச்சத்துக்காக மட்டும் அல்ல, பாதுகாப்புக்காகவும்.

அதுவும் சரியென்றால் இடை ஒயர்கள்தான். நீளமான மாடிப்படியில் பேஸ் உள்ள ஒயர் பக்கத்து ஒயருக்குத் தூண்டும் மின்சாரம் மிகக் குறைவு, 10 மீட்டருக்கு 0.1 மில்லி ஆம்பியர்கூட இராது. மலிவான எல்.இ.டி.க்கு அதுவே போதும். வேறு தயாரிப்பு பல்பை மாட்டிப் பாருங்கள். பாதி நேரம் அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் விளக்கின் குறுக்கே இணைக்கும் எல்.இ.டி. பைபாஸ் துணைக்கருவியை மாட்டச் சொல்லுங்கள்.

## மூன்று இடச் சுவிட்ச்: நடுச் சுவிட்ச் ஒரு நிலையில் இருந்தால் எதுவும் எரியவில்லை

மூன்று இடங்களில் கட்டுப்படுத்த இரு முனைகளில் டூ-வே, நடுவில் நான்கு முனை கொண்ட இன்டர்மீடியட் சுவிட்ச். நடுவில் இன்னொரு டூ-வேயைப் போட்டு எப்படி மாற்றி மாற்றி இணைத்தாலும் சரிவராது.

நடுச் சுவிட்சின் ஒரு நிலையில் ஓரச் சுவிட்சுகள் இரண்டும் ஒழுங்காக வேலை செய்து, மறு நிலையில் எல்லாமே செத்துப்போனால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, வரும் ஜோடியில் ஓர் ஒயரும் போகும் ஜோடியில் ஓர் ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. எந்த இரண்டு முனைகள் ஒரு ஜோடி என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பின்புறப் படத்தைப் பார்த்து மாட்டுங்கள். இரண்டு, அது இன்டர்மீடியட்டே அல்ல, டபுள் போல் சுவிட்ச் (இரண்டு ஒயர்களை ஒரே நேரத்தில் இணைத்துத் துண்டிப்பது). அதற்கும் நான்கு முனைதான். மீட்டரில் பிரித்துவிடலாம்: டபுள் போலில் ஒரு நிலையில் எதுவும் பீப் அடிக்காது, இன்டர்மீடியட்டில் இரண்டு நிலைகளிலும் இரண்டு ஜோடிகள் அடிக்கும், ஆனால் ஜோடி மாறும்.

## தட்டினால் எரிகிறது, சுவிட்ச் சுடுகிறது, கருகல் வாசனை

மெயினை அணைத்து முனை ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். அதோடு நின்றால் நல்லது. ஒயரின் இன்சுலேஷன் பழுப்பாகி இற்றுப்போயிருந்தால், நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிச் சீவிப் புதிய சுவிட்சில் மாட்டவேண்டும். வெட்டிய பிறகு ஒயர் எட்டாவிட்டாலோ, பெட்டியின் உள்ளே கரி படிந்திருந்தாலோ, மெயினைப் போடாமல் எலக்ட்ரீஷியனுக்காகக் காத்திருங்கள்.

## டிம்மர், ஸ்மார்ட் சுவிட்ச் போட்ட பிறகு வந்த கோளாறு

ஒரு ஜோடியில் ஒரு டிம்மர்தான், அதுவும் டூ-வேக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டும். இரண்டு சாதாரண டிம்மர்களை இருபுறமும் மாட்டினால் விளக்கு துடிக்கும். ஸ்மார்ட் சுவிட்ச் பலவற்றுக்குப் பெட்டியிலேயே நியூட்ரல் வேண்டும். டூ-வே பெட்டியில் பெரும்பாலும் அது இருக்காது. இடை ஒயர் ஒன்றை நியூட்ரலாக மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். மறுமுனையில் அது இன்னும் சுவிட்சில் இருந்தால் நேரடி ஷார்ட். அந்த வேலையை, இரண்டு பெட்டிகளையும் ஒன்றாகத் திறந்து பார்க்கும் ஆளிடம் விடுங்கள். அவர் வந்ததும் நான்கு நிலை எழுதிய தாளைக் கையில் கொடுங்கள்.